இன்னும் இரண்டு ராடு

கண்ணுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தைப் போனில் கேட்டால் "நல்லாருக்கேன்ப்பா, அப்புறம் கூப்புடறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. அதனால்தான் கடிதம். பால் கணக்கு நோட்டின் நடுத்தாளைக் கிழித்து எழுதுகிறேன். கை நடுங்குவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

செவலை போன வாரம் கிடேரிக் கன்று போட்டது. தேங்காய்க்கு நல்ல விலை, மரத்தில்தான் காய் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆடி நோம்பிக்கு உன் தங்கச்சி பாப்பாவும் மாப்பிள்ளையும் ஈரோட்டிலிருந்து வந்து வேப்பமரத்தில் தூரி கட்டி ஊஞ்சல் ஆடினார்கள். நீ வராததைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும்.

கிணற்றுக்காட்டுப் பத்திரத்தை ஸ்கேன் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாய். பார்த்தேன். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

உன் பெயருக்கு மூன்று கவர் வந்திருக்கிறது, கண்ணாடித்தாள் வைத்த கவர். நான் பிரிக்கவில்லை. காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். அம்மா பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அது கிடக்கட்டும். போன வாரம் பெரியப்பா தோட்டத்துக்குப் போர் போட ரிக் வண்டி வந்தது. திருச்செங்கோட்டு வண்டிதான். ராத்திரி முழுக்கக் கம்ப்ரஸர் சத்தம், மாடுகள்கூடப் படுக்கவில்லை. இருபது வருடம் கழித்தும் அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். விடிகாலையில் அந்தப் பக்கம் போனேன். வேலியோரம் இலையெல்லாம் வெள்ளை வெளேரென்று மாவு பூசிய மாதிரி இருந்தது. 840 அடி. தண்ணீர் இல்லை, பாறைத்தூள் புகைதான் வந்ததாம். பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்து வண்டிக்காரனிடம், "இன்னும் ரெண்டு ராடு இறக்கிப் பாரப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ராடு இருபது அடி. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

நம் தோட்டத்துப் போர்க் கதையை உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. அப்போது உனக்கு ஏழெட்டு வயது. ராத்திரியில் லைட் போட்டு ரிக் ஓடுவதைத் திருவிழா மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாய். 2002-லும் 2003-லும் மழை பொய்த்தது. பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால் தண்ணீர் நான்கு மண்டலமாகச் சுற்றி வருவது, நம் முறைக்கு இன்னும் நாள் இருந்தது. எண்பதடிக் கிணற்றில் பாறை தெரிந்தது. தென்னைக்கு ஓலை தொங்கிவிட்டது. சரி, ஒரு போர் போடலாம் என்று தொடங்கினேன். அதில் தப்பில்லை. அன்றைக்கு யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள்.

முதல் போர் 500 அடி. புகை. அடுத்த வாரம் பெரியப்பா தோட்டத்தில் 620 அடியில் இரண்டரை இஞ்ச் தண்ணீர் வந்தது. தண்ணீர் பீய்ச்சி அடித்ததைப் பார்க்க ஊரே போனது. நானும் போனேன், சிரித்துக்கொண்டே நின்றேன். உண்மையைச் சொன்னால் தண்ணீருக்காக நான் போட்டது அந்த முதல் போர் ஒன்றுதான். மிச்சம் ஐந்தும் அந்த வேலிக்காகப் போட்டது. 650, 720, 800, 900, 1,050. ஆறையும் கூட்டினால் 4,620 அடி. பால் சொசைட்டிக்கு நடந்து போகிற தூரம் வரும். அந்தத் தூரத்தைப் பூமிக்குள் போய்விட்டு வெறுங்கையோடு வந்தேன்.

நீரோட்டம் பார்க்க வந்தவர்களில் மூன்றாவது ஆள் தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடந்தார். தேங்காய் அசையவே இல்லை. "இல்லீங்க, இந்தப் பூமியில இல்லீங்க, வுட்டுருங்க" என்றார். அவருக்குக் காசு கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்த நாளே வேறு ஆளைக் கூட்டிவந்தேன். அவர் வேப்பங்குச்சி வைத்துப் பார்த்து, இருக்கிறது என்றார். தேங்காயும் குச்சியும் நிஜமா பொய்யா என்பது வேறு பேச்சு. இருக்கிறது என்று சொல்லும் ஆள் கிடைக்கும் வரை ஆளை மாற்றிக்கொண்டே இருந்தேன், அதைத்தான் சொல்கிறேன். உன் அம்மா இரண்டாவது போரிலேயே சொன்னாள். ஆனால் அவளை மாற்ற முடியாது. அதனால் அவளிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பொங்கலுக்கு வந்தபோது கன்னம் ஒட்டியிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு உன் போன் வெளிச்சம் ஜன்னலில் தெரிந்தது. கட்டுத்தறிப் பக்கம் நின்று யாரிடமோ, "இன்னும் கொஞ்சம் இறங்கட்டும், ஆவரேஜ் பண்ணிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நான் தீவனம் போட வந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை, காதில் விழுந்தது. அப்போது எனக்கு அர்த்தம் தெரியாது. அப்புறம் பால் சொசைட்டிக் கணக்குப்பிள்ளையிடம் கேட்டேன். விலை இறங்க இறங்க மேலும் வாங்கிச் சராசரி விலையைக் குறைப்பதாம். உன் பெயரைச் சொல்லவில்லை, பயப்படாதே. அவருடைய அக்கா மகனும் ஷேர் மார்க்கெட்டில் அந்த எஃப் அண்ட் ஓ வியாபாரத்தில்தான் இறங்கி, பனியன் கம்பெனியில் சேர்த்த காசெல்லாம் போனதாம். சொசைட்டிக்கு வரும் பேப்பரில் முன்பு வந்த ஒரு செய்தியைக் கத்தரித்து வைத்திருந்தார். ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட கணக்கு. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டில் அதில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். எல்லாம் சேர்த்து 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இதெல்லாம் உனக்குத் தெரியாதா என்ன, நீ படித்தவன். எனக்கு ஒட்டிக்கொண்டது அதன் கீழே இருந்த இன்னொரு வரி. வரிசையாக நஷ்டப்பட்டவர்களிலும் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் நிறுத்தாமல் தொடர்ந்தார்களாம். அந்த 75 பேரையும் எனக்குத் தெரியும் போல இருந்தது.

அதில் ஆப்ஷன் வாங்கிக் கணக்குத் தப்பினால், தேதி முடிந்ததும் கையில் இருப்பது பூஜ்யம் என்று கணக்குப்பிள்ளை சொன்னார். ஒரு வகையில் அது தேவலை. போரில் அந்த முடிவுகூடக் கிடையாது. என்றைக்காவது மழை பெய்தால் ஊறும் என்று ஆயுசுக்கும் தன்னையே ஏமாற்றிக்கொள்ளலாம்.

நான் உன்னைச் சொல்லவில்லை. செய்தியைச் சொன்னேன்.

உன் பிடிவாதத்தைப் பற்றிப் பெருமையாக ஊரெல்லாம் சொன்னவன் நான்தான். படிப்பு முடிந்து ஒன்றரை வருடம் வேலை இல்லாமல் சென்னையில் அந்த ஓட்டு அறையில் கிடந்தாயே. திருப்பூர் வந்து மாமா கம்பெனியில் உட்கார் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். நீ வரவில்லை. வேலை வாங்கிய பிறகுதான் வந்தாய், அம்மாவுக்குப் புடவையோடு. அன்றைக்கு டீக்கடையில் நின்று, "எம்பையன் வைராக்கியக்காரன், அப்பாருக்குத் தப்பாம பொறந்தவன்" என்றேன். இப்போது யோசிக்கிறேன், அந்த வார்த்தையை அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று. பெற்றவன் மெச்சிய குணத்தைப் பிள்ளை எப்படிக் கைவிடுவான்?

என் அப்பா, உன் அப்பாரு கதையைச் சின்ன வயதில் நூறு தடவை கேட்டிருப்பாய். 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் நின்ற விவசாயிகள் மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அப்போதும் அவர் விடவில்லை. 1972-ல் நாராயணசாமி நாயுடு கூப்பிட்டபோது கோயமுத்தூர்த் தெருக்களை மாட்டு வண்டியால் அடைத்தார்களே, அதில் நம் வண்டியும் ஒன்று. அதைச் சொல்லும்போதெல்லாம் வண்டி போனதை மட்டும் சொன்னேன், திரும்பி வந்ததைச் சொன்னதில்லை. போராட்டம் முடிந்தது என்று சங்கம் சொன்னதும் அன்றைக்கே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். "நான் நெனச்சது பாதிதான் கெடச்சுது, ஆனா நாலு பேரு சரின்னு சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்கப் போய்விட்டார். எனக்கு அந்தத் திரும்புகிற புத்தி வரவில்லை. மாட்டு வண்டி மட்டும்தான் மனதில் நின்றது.

ஜெயித்தால் வைராக்கியம், தோற்றால் வீம்பு என்று ஊர் பெயர் வைத்துவிடும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். 1,050 அடியில் தண்ணீர் வந்திருந்தால் என்னை வைராக்கியக்காரன் என்றுதானே சொல்லியிருப்பார்கள்? இப்போது அப்படித் தோன்றவில்லை. வந்திருந்தாலும் அது வீம்புதான். ஏனென்றால் மூன்றாவது போரிலிருந்தே நான் ரசீதுகளை மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மேற்குக்காட்டை விற்ற பணத்தில் மிச்சம் இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன், இல்லை. அவள் நகை லாக்கரில் இருக்கிறது என்று சொன்னேன், அடகுக்கடையில் இருந்தது. அப்பாரு வண்டி கட்டிக்கொண்டு போனது ஊருக்கே தெரியும். ஒளித்து வைக்க அவரிடம் ஒன்றும் இல்லை.

வைராக்கியம் என்றால் முதலில் பற்றில்லாமல் இருப்பது என்றுதான் அர்த்தமாம். அவிநாசிக் கோயிலில் ஒரு சொற்பொழிவில் கேட்டேன். நாம் அதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். அதே பெரியவர் ஆணவத்தைப் பற்றியும் சொன்னார். இருட்டு மற்றப் பொருள்களை மறைக்கும், ஆனால் இருட்டாக இருக்கிறது என்பதாவது நமக்குத் தெரியும். ஆணவம் தன்னையும் சேர்த்து மறைத்துக்கொள்ளுமாம். சைவ சித்தாந்தத்தில் அப்படி இருக்கிறதாம். எனக்கு உடனே நடுக்காட்டு வேப்பமரத்தடி ஞாபகம் வந்தது. பிரசாதம்கூட வாங்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

போன வருடம் நீ கேட்டாய், அம்மாவின் ஆட்டுக்கல் எதற்கு வீட்டை விட்டு அவ்வளவு தள்ளி வேப்பமரத்தடியில் கிடக்கிறது என்று. கிரைண்டர் வந்த பிறகு தூக்கிப் போட்டோம் என்று சொன்னேன். பொய்.

அதன் அடியில் ஐந்தாவது போர் இருக்கிறது. 900 அடி. புகை போர் என்றால் கேசிங் பைப்பை உருவிக்கொண்டு, குழியில் மண் போட்டு மூடிவிடுவார்கள். மற்ற எல்லாவற்றையும் அப்படித்தான் செய்தோம். ஐந்தாவதில் 700 அடியில் கொஞ்சம் ஈரமாகத் தூள் வந்தது. அந்த ஈரத்தை நான் விடவில்லை. பிற்பாடு கம்ப்ரஸர் வைத்து ஃபிளஷ் பண்ணினால் வரும், பைப் இருக்கட்டும் என்றேன். வாய் திறந்தே இருந்தது, தரைக்கு ஒரு சாண் மேலே. ஒரு சாக்கை மடித்துப் போட்டிருந்தேன். அம்மா தினமும் சொல்வாள், மூடுங்கள், சின்னக் குழந்தைகள் இருக்கிற இடம் என்று. நாளைக்கு என்பேன். மூடுவதற்கு என்ன, ஒரு பலகைக் கல் போதும், கால் மணி நேர வேலை. மூடினால் அங்கே தண்ணீர் இல்லை என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. பெரியப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பார். அதற்காக மூடவில்லை.

2004 ஆனி மாதம். சாயங்காலம் மோட்டார் ரூமிலிருந்து வருகிறேன். பாப்பா அந்தப் பைப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காதை வாயில் வைத்துக் குனிந்திருக்கிறாள். மூன்று வயது. சாக்கு ஒரு பக்கம் கிடக்கிறது. ஒரு காலில் செருப்பு இல்லை. உள்ளே போட்டுவிட்டு, சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். நீ கல்லைப் போட்டு எண்ணுவாயே, அதைப் பார்த்துப் பழகியிருப்பாள். உன் மேல் ஒரு தப்பும் இல்லை, எட்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்.

அவளைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் விட்டேன். செருப்பு வாய்க்காலில் போய்விட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். திரும்பிப் போய் சாக்கை இன்னொரு மடிப்பு மடித்துப் போட்டேன்.

மூடவில்லை, கண்ணு. அதைப் பார்த்த பிறகும் மூடவில்லை. ஒன்பது நாள். எண்ணித்தான் சொல்கிறேன்.

பத்தாம் நாள் சந்தையிலிருந்து வந்து பார்த்தால் ஆட்டுக்கல் அங்கே உட்கார்ந்திருந்தது. அவளுடைய அம்மா வீட்டுச் சீதனம். அதில் ஆட்டிய மாவில்தான் நீங்கள் இரண்டு பேரும் வளர்ந்தீர்கள். அவளும் களை எடுக்க வந்த பெண்ணும் வாசலிலிருந்து அங்கே வரைக்கும் உருட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். மண்ணில் தடம் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கிரைண்டர் வாங்கும் வரை இரண்டு வருடம் பக்கத்துத் தோட்டத்துச் சாளை வீட்டுக்குப் போய் மாவு ஆட்டிக்கொண்டு வந்தாள். அதற்கப்புறமும் ஆறாவது போர் போட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். நிறுத்தியது என் புத்தி இல்லை. கடன் கொடுக்க ஆள் இல்லை, அதனால் நின்றது.

2019 தீபாவளி உனக்கு ஞாபகம் இருக்கும். மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை கைவிட்ட போருக்குள் விழுந்து, அக்டோபர் 25 சாயங்காலத்திலிருந்து ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் குழி தோண்ட ரிக் கொண்டுவந்து, பாறை விடாமல் தடுத்தது. பட்டாசு வெடிக்கவே மனசு வரவில்லை என்று நீ போனில் சொன்னாய். அந்தக் குழந்தையின் அப்பாவைக் காட்டும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். 29-ந் தேதி விடிகாலையில் உடலை எடுத்தார்கள் என்று செய்தி வந்தது. நான் வேப்பமரத்தடிக்குப் போய் நின்றேன். இருட்டு. பின்னால் டார்ச் வெளிச்சம் வந்தது. அம்மா வந்து பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கல்லு அங்கயேதான் இருக்குதுங்க" என்றாள். பதினைந்து வருடத்தில் அதைப் பற்றி அவள் பேசியது அது ஒன்றுதான்.

பெரியப்பாவின் இரண்டரை இஞ்ச் 2017 வறட்சியில் வற்றியது. அதற்கு முந்தைய வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைவு. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே லாரித் தண்ணீரைப் பாதிப்பாதி வாங்கித் தென்னைக்கு ஊற்றினோம். எந்த வேலிக்காக அத்தனையும் செய்தேனோ அந்த வேலியில் குழாய் போகச் சந்து வெட்டினது நான்தான். நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி போனை வேறு அறையில் வைத்துவிட்டுத் தூங்கு. உன் கணக்கை யாராவது ஒருவரிடம் முழுசாகக் காட்டு. எனக்குக் காட்ட வேண்டாம், நான் அதற்குத் தகுதியான ஆள் இல்லை என்று இவ்வளவு நேரம் எழுதினேனே. உன் கூட்டாளி அந்த மதுரைப் பையன் நல்லவன், அவனிடம் காட்டு. பாப்பாவிடம் காட்டினாலும் சரி, அவள் பேங்க் பரீட்சைக்குப் படித்தவள். முழுசாகக் காட்டு. நான் அம்மாவிடம் காட்டிய மாதிரி பாதியைக் காட்டாதே.

பத்திரத்தைப் பற்றி. கிணற்றுக்காடு என் பெயரில் இல்லை. 2005-ல் பல்லடம் பத்திர ஆபீஸில் அம்மா பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டேன். யாரும் எழுதச் சொல்லவில்லை, என் கையில் இருந்தால் நிற்காது என்று எனக்கே பயம். மூலப்பத்திரமும் அவள் பீரோவில்தான். சாவி அவள் முந்தானையில். வேண்டுமென்றால் அவளிடம்தான் கேட்க வேண்டும், எதற்கு என்று அவள் கேட்பாள். போனில் கேட்காதே. சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது வந்துவிடலாம். அரிசியும் பருப்பும் போட்டு வைக்கச் சொல்கிறேன்.

கவர் மூன்று என்று எழுதினேன். இப்போது எழுந்து போய்ப் பார்த்தேன். காலண்டருக்குப் பின்னால் இரண்டுதான் இருக்கிறது.

அப்பா